பைசெக்ஷுவலா, பான்செக்ஷுவலா, குயரா? ஒரு நீண்ட பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு பெண். கல்லூரியில் படிக்கும்போது ஒரு பெண்ணைக் காதலித்திருக்கிறார், இப்போது ஓர் ஆணைக் காதலிக்கிறார். "அப்போது இருந்தது பொய்யா, இப்போது இருப்பது பொய்யா? பெண்கள் மேல் ஈர்ப்பு எப்போதாவதுதான் வருகிறது, என்னை பைசெக்ஷுவல் என்று சொல்லிக்கொள்ளலாமா? பான்செக்ஷுவல், குயர் என்கிறார்களே, அதெல்லாம் வேறா? என் நெருங்கிய நட்பு ஒருவர் தன்னை நான்-பைனரி என்கிறார், அவர் இதில் எங்கே வருகிறார்? இதையெல்லாம் என் காதலரிடம் சொல்லியே ஆகவேண்டுமா?"

இரண்டுமே பொய் இல்லை. தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். பதில் இவ்வளவுதான் என்று நிறுத்திவிடலாம், ஆனால் இந்தக் கேள்வி மனதில் வந்த பிறகு எத்தனை பேர் வருடக்கணக்கில் தங்களையே சந்தேகப்பட்டுக்கொண்டு தூக்கம் தொலைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தச் சொற்கள் தலைசுற்ற வைப்பதற்குக் காரணம், வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதுதான். யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பது ஒரு கேள்வி. நான் ஆணா, பெண்ணா, இரண்டிலும் அடங்காதவரா (நான்-பைனரி என்பது இதைத்தான்) என்று உள்ளுக்குள் உணர்வது இன்னொரு கேள்வி. உடல் எப்படி அமைந்து பிறந்தது என்பது மூன்றாவது. எல்.ஜி.பி.டி.க்யூ.ஐ.ஏ என்று நீளமாக எழுதுகிறார்களே, அதில் முதல் மூன்று எழுத்துகளும் (லெஸ்பியன், ஆண்களை விரும்பும் ஆணான கே, பைசெக்ஷுவல்) ஈர்ப்பைப் பற்றியவை, டி (டிரான்ஸ், அதாவது திருநர்) என்பது பாலின அடையாளம், க்யூ (குயர்) ஒரு பொதுக் குடை, ஐ (இன்டர்செக்ஸ், ஊடுபால்) என்பது உடலமைப்பு, கடைசியில் வரும் ஏ (ஏசெக்ஷுவல்) மறுபடியும் ஈர்ப்புக்கு வருகிறது. ஒன்றுக்குச் சொன்ன பதிலை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது. ஒரு திருநங்கை ஆண்களை விரும்பலாம், பெண்களை விரும்பி தன்னை லெஸ்பியன் என்று சொல்லலாம், பைசெக்ஷுவலாகவும் இருக்கலாம். "திருநங்கை என்றால் ஆண்களைத்தான் பிடிக்கும்" என்று நினைப்பவர்கள் முதல் இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, பைசெக்ஷுவலுக்கு வருவோம். தமிழில் இருபாலீர்ப்பு என்கிறோம். இது என்னவென்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அமெரிக்க ஆர்வலர் ராபின் ஓக்ஸ் பல காலமாகச் சொல்லிவரும் விளக்கம்: ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர் மேல் காதலோ உடல் ஈர்ப்போ வரக்கூடிய தன்மை எனக்குள் இருக்கிறது, அது ஒரே நேரத்தில் வரவேண்டியதில்லை, ஒரே விதமாக வரவேண்டியதில்லை, ஒரே அளவில் வரவேண்டியதில்லை. உங்கள் கேள்விக்கான விடை இதற்குள்ளேயே இருக்கிறது, பாருங்கள். எப்போதாவது வந்தாலும் அது ஈர்ப்புதான். ஆணிடம் உடனே பற்றிக்கொள்ளும், பெண்ணிடம் பழகப் பழக மெதுவாக வரும் என்றாலும் சரிதான். ஐம்பதுக்கு ஐம்பது என்று தராசில் நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, அதனால் வேதனைப்பட்டவர்கள் ஏராளம்.

இரண்டு என்ற எண் அந்தச் சொல்லுக்குள் புகுந்துகொண்டதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது தாவரவியல், உடற்கூறு சொல்லாகத்தான் இருந்தது. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவிலோ ஒரே உடலிலோ இருந்தால் பைசெக்ஷுவல். ஈர்ப்பைக் குறிக்கும் பொருளில் அது ஆங்கிலத்துக்கு வந்தது 1892இல், ஜெர்மன் மொழியில் எழுதிய மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங்கின் ஆராய்ச்சி மொழிபெயர்க்கப்பட்டபோது. ஆக, இருபாலீர்ப்பு உள்ளவர்கள் கூடி உட்கார்ந்து "நமக்கு இரண்டே பாலினம்தான்" என்று தீர்மானித்து வைத்த பெயர் இல்லை அது. சொல்லப்போனால் 1990இல் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதி பைசெக்ஷுவல் அமைப்பினர் நடத்திய பத்திரிகை வெளியிட்ட அறிக்கையிலேயே, எங்களுக்கு இரண்டு பக்கம் இருப்பதாக நினைக்காதீர்கள், ஒரே நேரத்தில் இருவரோடு இருந்தால்தான் எங்களுக்கு நிறைவு என்று நினைக்காதீர்கள், பாலினமே இரண்டுதான் என்றும் நினைக்காதீர்கள் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். பைசெக்ஷுவல் என்று சொல்பவர்கள் திருநர்களையும் நான்-பைனரி மனிதர்களையும் விலக்குகிறார்கள் என்று இன்றைக்கும் சிலர் குற்றம் சாட்டும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

அளவு பற்றிய கவலைக்கு வருகிறேன், உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது. 1948இல் ஆல்ஃபிரட் கின்சியின் குழு ஆயிரக்கணக்கான ஆண்களைப் பேட்டி எடுத்த முடிவுகளை வெளியிட்டது, 1953இல் பெண்களைப் பற்றியும் வெளியிட்டது. அதில் 0 முதல் 6 வரை ஓர் அளவுகோல் வைத்தார்கள். 0 என்றால் எதிர்பால் மேல் மட்டும், 6 என்றால் தன்பால் மேல் மட்டும், நடுவில் பல படிகள். மனிதர்களை வெள்ளாடு செம்மறியாடு மாதிரி இரண்டு மந்தையாகப் பிரிக்க முடியாது என்று உரக்கச் சொன்ன ஆய்வு அது, அந்த வகையில் பெரிய காரியம். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. எல்லாம் ஒரே கோட்டில் இருப்பதால், பெண்ணை அதிகம் விரும்பினால் ஆணைக் குறைவாக விரும்புவதாகத்தான் எண் வரும். இரண்டும் அதிகமாக இருக்கலாமே? இரண்டும் கொஞ்சமாக இருக்கலாமே? அதற்கு அந்தக் கோட்டில் இடம் இல்லை.

முப்பது வருடம் கழித்து, 1978இல், ஃபிரிட்ஸ் க்ளைன் என்ற மனநல மருத்துவர் இதை ஒரு கட்டமாக மாற்றினார். அவரும் பைசெக்ஷுவல்தான். ஏழு வரிசைகள்: உடல் ஈர்ப்பு, நடத்தை, கற்பனை, மன நெருக்கம், யாரோடு பழகப் பிடிக்கிறது, எந்த மாதிரி மனிதர்கள் மத்தியில் வாழ்கிறோம், நம்மை நாமே என்னவென்று சொல்லிக்கொள்கிறோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பத்திகள்: முன்பு, இப்போது, எப்படி இருக்க விரும்புகிறோம். மொத்தம் 21 கட்டம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 7 வரை ஓர் எண்: 1 என்றால் எதிர்பால் மட்டும், 7 என்றால் தன்பால் மட்டும். நீங்கள் சொன்னதை வைத்து ஒரு வரிசையை நானே நிரப்பிப் பார்க்கிறேன். நடத்தை என்ற வரிசையில் முன்பு 7, ஏனென்றால் அப்போது அந்தப் பெண் மட்டும்தான். இப்போது 1, ஏனென்றால் இந்த ஆண் மட்டும்தான். இதை மட்டும் பார்க்கிறவர் "பெண்ணை விட்டு ஆணிடம் மாறிவிட்டாள்" என்பார். அடுத்து கற்பனை வரிசை, மன நெருக்கம் வரிசை. அங்கே என்ன எண் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் 7இலிருந்து 1க்கு அப்படியே தாவியிருக்காது என்று நினைக்கிறேன். ஒரு பேப்பரில் கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள். மதிப்பெண் கூட்டிப் பார்த்து முடிவு தெரிந்துகொள்ளும் பரீட்சை இல்லை இது. ஆளோடு வாழ்வது வேறு, ஈர்ப்பு வேறு, அடையாளம் வேறு என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நடத்தையும் அடையாளமும் வேறு என்பது பொதுச் சுகாதாரத் துறைக்கு நன்றாகத் தெரியும். எச்.ஐ.வி தடுப்பு வேலை செய்தவர்கள் "ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்" என்றே ஒரு பிரிவு வைத்து எழுதினார்கள். கே என்றோ பைசெக்ஷுவல் என்றோ தங்களைச் சொல்லிக்கொள்ளாத ஆண்கள் அதில் நிறையப் பேர் இருந்தார்கள், அடையாளப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். இதன் மறுபக்கம்தான் உங்களுக்கு வேண்டியது. யாரையும் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர் தன்னை பைசெக்ஷுவல் என்று அறிந்திருக்கலாம். ஆண்களை மட்டும் விரும்பும் பெண்ணிடம், காதலன் வருவதற்கு முன்னால், "எப்படித் தெரியும், நிரூபி" என்று யாரும் கேட்பதில்லை. உங்களிடம் மட்டும் ஏன் கேட்கவேண்டும்?

இந்த நிரூபி என்ற வார்த்தை இருபாலீர்ப்பு உள்ளவர்களை அறிவியல் பெயராலேயே துரத்தியிருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. சுமார் நூறு ஆண்களுக்குப் படங்களைக் காட்டி உடல் கிளர்ச்சியை அளந்தார்கள். பைசெக்ஷுவல் என்று சொன்ன ஆண்களில் பெரும்பாலானோருக்கு ஒரு பக்கம்தான் கிளர்ச்சி பலமாக இருந்தது என்று எழுத, ஒரு பெரிய நாளிதழ் பைசெக்ஷுவல் ஆண்கள் பொய் சொல்கிறார்களா என்ற தொனியில் தலைப்புப் போட்டது. எத்தனை ஆண்கள் அதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்களோ. பிறகு 2011இல், இரு பாலினத்தவரோடும் உறவு அனுபவம் உள்ளவர்களையே தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வில் இரண்டு பக்கக் கிளர்ச்சியும் தெரிந்தது. 2020இல் பல ஆய்வுகளின் தரவை, ஐந்நூறு ஆண்களை ஒட்டிய எண்ணிக்கையை, ஒன்றுசேர்த்துப் பார்த்து ஆண்களிடம் இருபாலீர்ப்பு உண்மைதான் என்று எழுதினார்கள். இந்த மூன்றிலும் மைக்கேல் பெய்லி என்ற அதே ஆய்வாளர் இருந்தார். முதல் செய்தி பரவிய வேகத்தில் கடைசிச் செய்தி பரவவில்லை. என்னைக் கேட்டால், ஒருவருடைய ஈர்ப்பைத் தெரிந்துகொள்ள அவரைக் கேட்டாலே போதும், கருவி மாட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் "அறிவியல் ஒத்துக்கொள்ளவில்லை" என்று யாராவது உங்களிடம் வந்தால், இந்தக் கதையின் இரண்டாம் பாதி உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பெண்களுக்கு இந்தச் சந்தேகம் வேறு மாதிரி வரும். "ஆண்களைக் கவரச் சொல்கிறாள்", "இது ஒரு கட்டம், கல்யாணம் ஆனால் போய்விடும்". லிசா டயமண்ட் என்ற உளவியலாளர் சுமார் எண்பது பெண்களைப் பத்து வருடம் தொடர்ந்து பேட்டி எடுத்தார். நிறையப் பேர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரை இடையில் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் பைசெக்ஷுவல் என்பது லெஸ்பியன் ஆவதற்கோ எதிர்பாலீர்ப்புக்கோ போகிற வழியில் ஒரு நிறுத்தம் மாதிரி நடந்துகொள்ளவில்லை. பெயர் மாறலாம், மாறினால் முன்பு சொன்னது பொய்யாகிவிடாது. இதையும் சொல்லியாகவேண்டும்: சிலருக்கு நிஜமாகவே அது ஒரு கட்டமாக இருந்திருக்கிறது, பைசெக்ஷுவல் என்று சொல்லிப் பார்த்துவிட்டு பிறகு கே என்று தெளிந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அது அப்படி. அதை வைத்து மற்றவர்களை அளக்கக்கூடாது.

உங்கள் இப்போதைய நிலைமைக்கு ஒரு பெயர் இருக்கிறது: இருபாலீர்ப்பு மறைப்பு. ஆணோடு இருந்தால் சாதாரணப் பெண் என்பார்கள், பெண்ணோடு இருந்தால் லெஸ்பியன் என்பார்கள், தனியாக இருந்தால் குழப்பம் என்பார்கள். எந்த நிலையிலும் பைசெக்ஷுவலாகக் கண்ணில் படவே மாட்டீர்கள். 2013இல் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கெடுப்பில், நிலையான உறவில் இருந்த பைசெக்ஷுவல்களில் 84 சதவீதம் பேரின் துணை எதிர்பாலினத்தவர். இது இயல்பான கணக்குதான், சுற்றியிருப்பவர்களில் எதிர்பாலீர்ப்பு உள்ளவர்கள்தான் பெரும்பான்மை. அங்கேயே கேலப் நிறுவனத்தின் கணக்கெடுப்புகளில், தங்களை எல்.ஜி.பி.டி என்று சொல்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பைசெக்ஷுவல்கள். எண்ணிக்கையில் பெரிய கூட்டம், பார்வைக்கு ஒருவரும் இல்லை.

பான்செக்ஷுவல் பற்றி. தமிழில் அனைத்துப்பாலீர்ப்பு. பாலினம் எதுவாக இருந்தாலும் ஈர்ப்பு வரும், ஒருவரைப் பிடிப்பதில் பாலினம் பெரிய காரணமாக இருப்பதில்லை என்று உணர்பவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். பைசெக்ஷுவலுக்கும் இதற்கும் நடுவில் வேலி எதுவும் கிடையாது. ஒரே மாதிரி உணர்கிற இருவரில் ஒருவர் இதையும் மற்றவர் அதையும் சொல்வார், சிலர் இரண்டையும் சொல்வார்கள். ஆண் மேல் வருவதும் பெண் மேல் வருவதும் எனக்கு வேறு வேறு சுவை என்று தோன்றினால் பலர் பை என்பார்கள், அந்த வித்தியாசமே எனக்குத் தெரியவில்லை என்றால் பான் என்பார்கள், ஆனால் இதுவும் சட்டம் இல்லை. ஆம்னிசெக்ஷுவல், பாலிசெக்ஷுவல் என்று இன்னும் இருக்கின்றன, அவை கிட்டத்தட்ட இதே வீட்டின் வேறு அறைகள். பாலிசெக்ஷுவலை மட்டும் பாலிஅமரியோடு போட்டுக் குழப்பவேண்டாம். பாலிஅமரி என்பது எல்லோரும் அறிந்து சம்மதித்து ஒன்றுக்கு மேற்பட்டவரோடு காதல் உறவில் இருப்பது, அது உறவு முறை. பைசெக்ஷுவல் என்றால் ஒருவரோடு நிற்கமாட்டார் என்ற பழி இந்தக் குழப்பத்தில்தான் வளர்கிறது. எத்தனை பேர் மேல் ஈர்ப்பு வரலாம் என்பதற்கும் ஒருவர் எவ்வளவு உண்மையாக இருப்பார் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

கே, லெஸ்பியன் எல்லோருக்கும் தெரிந்தவைதான், தமிழில் இரண்டையும் சேர்த்து தன்பாலீர்ப்பு அல்லது தற்பாலீர்ப்பு. ஹோமோசெக்ஷுவல் என்ற பழைய சொல்லைப் பலர் தவிர்க்கிறார்கள், அது வெகுகாலம் நோயின் பெயராகப் புழங்கியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து அதை எடுத்தது, உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. எதிர்பாலீர்ப்பும் ஒரு பாலீர்ப்புதான், அதற்கும் ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. ஹோமோசெக்ஷுவல், ஹெட்டரோசெக்ஷுவல் இரண்டையுமே 1868இல் ஒரே கடிதத்தில் எழுதியவர் கெர்ட்பெனி என்ற எழுத்தாளர்.

ஏசெக்ஷுவல் என்றால் யார் மேலும் உடல் ஈர்ப்பு வராதவர், அல்லது மிக அரிதாக வருபவர். இது விரதமோ பிரம்மச்சரியமோ இல்லை, அதெல்லாம் ஒருவர் எடுக்கும் முடிவு, இது இயல்பு. 2001இல் டேவிட் ஜே என்பவர் இணையத்தில் தொடங்கிய ஏவன் என்ற தளத்தில்தான் இவர்களில் பலர் முதல்முறையாகத் தங்களைப் போன்றவர்களைச் சந்தித்தார்கள். நெருக்கம் ஏற்பட்ட பிறகே ஈர்ப்பு வரும் என்றால் டெமிசெக்ஷுவல். இவர்களிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு: காதல் ஈர்ப்பும் உடல் ஈர்ப்பும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. யார் மேலும் உடல் ஆசை வராமல், ஆண் பெண் இருவர் மேலும் காதல் மட்டும் வருகிற ஒருவர் தன்னை ஏசெக்ஷுவல் என்றும் பைரொமாண்டிக் என்றும் சொல்வார். முரண்பாடு மாதிரி தெரியும், கிடையாது.

குயர் என்ற சொல்லுக்குக் காயம் உண்டு. நெடுங்காலம் தெருவில் கத்தி அவமானப்படுத்திய வசைச்சொல் அது. எய்ட்ஸ் காலத்துப் போராட்டங்களில் உருவான தலைமுறை அதைக் கையில் எடுத்துத் தங்கள் பெயராக்கியது, 1990இல் நியூயார்க்கில் குயர் நேஷன் என்றே ஓர் அமைப்பு தொடங்கினார்கள். இன்று தனிப்பட்ட அடையாளமாகவும், எதிர்பாலீர்ப்புக்கும் பிறப்புப் பாலினத்துக்கும் வெளியே உள்ள எல்லோருக்குமான பொதுக் குடையாகவும் புழங்குகிறது. தமிழில் பால்புதுமையினர் என்று எழுதுகிறோம், எனக்கு மிகவும் பிடித்த சொல், அதில் வசை இல்லை. உங்கள் ஈர்ப்பை இன்னும் விளக்கமாகச் சொல்ல இஷ்டம் இல்லை, அல்லது நேரம் வரவில்லை என்றால் குயர் வசதியான சொல். அடுத்தவருக்கு வைப்பதாக இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு வையுங்கள், வயதில் பெரியவர்கள் சிலருக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது உங்கள் நண்பர். பிறந்தபோது சொல்லப்பட்ட பாலினம் தன்னுடையது இல்லை என்று உணர்பவர்கள் திருநர்கள், திருநங்கையும் திருநம்பியும் அதில் அடக்கம். சொல்லப்பட்டதும் உணர்வதும் ஒன்றாக இருந்தால் சிஸ்ஜெண்டர், பெரும்பாலானோர் அப்படித்தான். ஆண், பெண் என்ற இரண்டிலும் தன்னை முழுதாகப் பார்க்காதவர் நான்-பைனரி. சிலர் இரண்டுக்கும் நடுவே உணர்வார்கள், சிலர் மாறி மாறி, சிலர் எதுவுமே இல்லை என்பார்கள். ஊடுபால் இவற்றிலிருந்து வேறு, அது உடலோடு சம்பந்தப்பட்டது: குரோமோசோம், ஹார்மோன், உறுப்புகள் ஆண் பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் வராமல் பிறப்பது. ஊடுபாலாகப் பிறந்தவர் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உணரலாம், பலர் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

உங்கள் நண்பருக்கு யாரைப் பிடிக்கும் என்பது இதிலிருந்து தெரியாது, அவர் சொன்னால்தான் தெரியும். பேசும்போது தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அவர், வந்தார், சொன்னார் என்று பேசிவிட்டால் பாலினம் வராது. ஆனால் நெருங்கிய நட்பில் யாரும் அவர் இவர் என்று பேசுவதில்லை. அவன் என்பதா அவள் என்பதா, டா போடுவதா டீ போடுவதா, அவரைவிடச் சின்னவர்கள் அண்ணா என்பதா அக்கா என்பதா என்று அங்கேதான் இடிக்கும். ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள். தனியாக இருக்கும்போது கேட்பது நல்லது, வீட்டில் எப்படிக் கூப்பிடவேண்டும், வெளியில் எப்படி என்று இரண்டையும் கேளுங்கள், ஏனென்றால் வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் நிறையப் பேர். உங்களிடம் சொன்னதை நீங்கள் இன்னொருவரிடம் சொல்லக்கூடாது, நல்ல எண்ணத்தில்கூட. ஒருவருடைய விஷயத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொன்னதால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், வேலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, காதலரிடம் சொல்வது. கட்டாயம் எதுவும் இல்லை. பியூ மையம் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்காவிலேயே, தன் வாழ்க்கையில் முக்கியமானவர்களில் எல்லோருக்கும் அல்லது பெரும்பாலானோருக்குத் தன்னைப் பற்றித் தெரியும் என்று சொன்ன பைசெக்ஷுவல்கள் 19 சதவீதம்தான், கே, லெஸ்பியன்களில் அது 75 சதவீதம். ஆகவே சொல்லத் தயங்குவது உங்கள் ஒருவருடைய கோழைத்தனம் இல்லை. ஆனால் கல்யாணம் வரை யோசிக்கும் உறவு என்றால், சொல்லிவிட்டு இருப்பதுதான் உங்களுக்கு நிம்மதி என்று நான் நினைக்கிறேன். அதற்கு முன் பொதுவாக ஒரு பேச்சை எடுத்துப் பாருங்கள், செய்தியில் வந்த யாரையாவது பற்றி, அவர் முகம் எப்படிப் போகிறது, கேலி செய்கிறாரா, கேட்டுக்கொள்கிறாரா என்று தெரிந்துவிடும். சொல்வதாக முடிவெடுத்தால் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லாதீர்கள். "எனக்கு முன்பு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது, நான் பைசெக்ஷுவல், இப்போது உன்னோடு இருக்கிறேன்" என்பது போதும். "அப்படியானால் எனக்குப் பயப்பட ஆண்கள் பெண்கள் இரண்டு பேருமா?" என்று அவர் கேட்கக்கூடும், நிறையப் பேர் கேட்கிறார்கள். பெண்களைப் பிடிக்கும் ஆண் எல்லாப் பெண்களிடமும் போய்விடுகிறாரா என்று திருப்பிக் கேளுங்கள், பிறகு அவர் யோசிப்பதற்குக் கொஞ்ச நாள் கொடுங்கள். அதற்குப் பிறகும் நீங்கள் எந்த நண்பியோடு பேசினாலும் சந்தேகம், இல்லையென்றால் இதை ஒரு வேடிக்கையாக்கி மூன்றாவது ஆளைக் கூட்டி வா என்பது, இப்படி ஏதாவது வந்தால் பிரச்சினை உங்கள் ஈர்ப்பில் இல்லை, அதைப் பார்த்து முடிவெடுங்கள். அவர் கோபத்தில் வீட்டில் போட்டுக்கொடுத்துவிடுவார் என்ற பயம் துளி இருந்தாலும் இப்போது சொல்லவேண்டாம், உங்கள் பாதுகாப்பு முதலில்.